எட்டுப் பேர் அணி

ஓர் அலுவலகத்தில் துழாவி என்றொரு கணினி நிரல் இருந்தது. அங்குள்ள கருவிகளை நெட்வொர்க் வழியே தினமும் கூப்பிட்டு, யார் யார் இருக்கிறார்கள் என்று பட்டியல் எடுப்பது அதன் வேலை.

ஆரம்பத்தில் எட்டெட்டுப் பேராகத்தான் கூப்பிடும். எட்டுப் பேரும் பதில் சொன்ன பிறகுதான் அடுத்த அணி. முதல் அணியிலிருந்த பிரிண்டர் எப்போதும் கடைசி. "சொல்லித் தொலையேன்!" என்று மற்ற ஏழும் கத்தும். அந்தக் கூச்சல் துழாவிக்குப் பிடித்திருந்தது.

இப்போது ஐந்நூறு பேர் ஓர் அணி. நேரத்துக்குள் பதில் வராவிட்டால் 'இல்லை' என்று எழுதிவிட வேண்டும். அப்படி எழுதப்பட்ட கருவியைக் கழற்றிவிடுவார்கள்.

ஒருநாள் பிரிண்டரிடமிருந்து பதில் இல்லை. துழாவிக்கு எழுத மனம் வரவில்லை. பிரிண்டரை மட்டும் தனி அணியாக்கி, கடைசியில் மறுபடி கூப்பிட்டுக் காத்திருந்தது.

"வந்துட்டேன்," என்றது பிரிண்டர் மூச்சு வாங்க. "அந்த ஏழு பேரும் திட்டுறாங்களா?"

"அவங்க யாரும் இந்த அணியில இல்லப்பா. நான் மட்டும்தான் நிக்கிறேன்." துழாவி பட்டியலில் 'இருக்கிறது' என்று எழுதிக்கொண்டது.



"திட்டுவாங்கதான்," என்றது பிரிண்டர். "ஆனா ஒருநாளும் என்னை விட்டுட்டு நகர்ந்ததில்ல."