வரியில்லாத் தண்ணீர்

"நெருப்பு எப்பிடிப் பத்தினது அண்ணை?" என்று கேட்டுவிட்டு, வரிக் கந்தோர் உத்தியோகத்தன் கோகுலன் பேனையைத் திறந்தான்.

கிறகரி கதிரை நுனிக்கு நகர்ந்தார்.

கேட்டது சின்னக் கேள்விதான். நேற்று மத்தியானம் வீட்டுக்குப் பின்னால் ஓலைக் கொட்டில் எரிந்தது. உள்ளே அவருடைய வலை முழுக்க இருந்தது. தண்ணீர் விற்கிற ஹலீமின் பவுசர் லொறி மட்டும் வந்திராவிட்டால் கிறகரி இன்றைக்குச் சாம்பலைத்தான் கடலில் வீசவேண்டும்.

பவுசரில் ஏற்றின தண்ணீர் எல்லாம் விற்ற தண்ணீர்தான், வரியைக் கட்டு என்பது கந்தோரின் கணக்கு. நெருப்பணைக்க ஊற்றினால் மட்டும் வரி இல்லை. ஆனால் எப்படி எரிந்தது என்று வீட்டுக்காரர் தன் வாயால் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் வரி ஹலீமின் தலையில். ஐந்து சதம் வாங்காமல் ஊற்றிவிட்டுப் போனவன் தலையில்!

அந்த ஹலீம் எதிர்க் கதிரையில் இருந்தான்.

மின்னல் என்று சொல்லிப் பார்க்கலாமா? போன வருசம் கோழிக்கூடு எரிந்தபோது கிறகரி அதைத்தான் சொன்னார். பங்குனி வெயிலில் மின்னலாம்! அன்றைக்கு மனைவி பிரான்சிஸ்கா போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாயே குரைப்பதை நிறுத்திவிட்டது.

இந்த வருசம் அவள் சத்தம் போடமாட்டாள். அதுதான் மனிசனுக்கு இன்னும் பயம்.

தவக்காலம் தொடங்கிய விபூதிப் புதனன்று இருவரும் கோயிலில் முழங்காலில் நின்று நேர்ந்திருந்தார்கள். உயிர்த்த ஞாயிறு வரைக்கும் அவர் பீடி தொடுவதில்லை. அவள் அவரைப் பார்த்துக் கத்துவதில்லை. அவள் தன் பங்கைப் பல்லைக் கடித்துக்கொண்டு காப்பாற்றி வருகிறாள். பாவம், எத்தனை பேச்சு அந்த வாய்க்குள் கிடந்து புழுங்குகிறதோ!

அவரோ கொட்டிலுக்குள் ஒளித்துப்போய், ஒரே ஒரு இழுவை இழுத்தார். அவ்வளவுதான்.

பிரான்சிஸ்கா தேத்தண்ணி கொண்டுவந்தாள். ஹலீம் நெஞ்சில் கையை வைத்து, "நோன்பு அக்கா," என்றான்.

அவனுடைய உதடு காய்ந்து வெடித்திருந்தது. தான் ஒரு சொட்டுக் குடிக்காமல், ஒரு பவுசர் தண்ணீரை இவருக்காக ஊற்றியிருக்கிறான். இவரால் ஒரு பீடியை விட முடியவில்லை. சீ! கிறகரிக்குத் தன்மேலேயே வெட்கமாக இருந்தது.

"பீடி," என்றார், நிலத்தைப் பார்த்தபடி. "என்ரை பீடிதான் தம்பி. எழுதுங்கோ."

கோகுலன் எழுதினான். வரி இல்லை என்றான். ஹலீமுக்கு மூச்சு வந்தது.

கிறகரி கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு காத்திருந்தார். கதவடியில் நின்ற பிரான்சிஸ்காவிடமிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

கோகுலன் பையைத் தூக்கிக்கொண்டு எழும்பினான். போகிற போக்கில்தான் ஹலீமிடம் கேட்டான்.

"இது எழுதுறதுக்கில்லை, சும்மா கேக்கிறன். உங்கடை நறுவிலிக்குளத்திலயிருந்து பாலம் தாண்டி வர எவ்வளவு நேரம் வேணும்! பத்தினவுடனே எப்பிடி வந்து நிண்டனீங்கள்?"

"அந்தோனியார் அனுப்பினவர்," என்றார் கிறகரி முந்திக்கொண்டு. அதற்காகக் காலமையே போய் ஒரு மெழுகுதிரியும் கொளுத்திவிட்டு வந்திருந்தார்.

ஹலீம் பிரான்சிஸ்காவைப் பார்த்தான். அவள் வெறும் கோப்பைகளை ஒவ்வொன்றாகத் தட்டில் எடுத்து வைத்தாள்.

"நேற்று அடுப்பு மூட்டப் போனன். குசினியில தீப்பெட்டியைக் காணேல்லை," என்றாள், பூசையில் செபம் சொல்கிற மெல்லிய குரலில். "போன வருசக் கோழிக்கூடு நினைவுக்கு வந்திச்சுது. உடன ஹலீம் தம்பிக்குப் போன் எடுத்து, பவுசரைக் கொண்டுவந்து எங்கடை வீட்டு ஒழுங்கை முடக்கில நிப்பாட்டி வையுங்கோ எண்டு சொன்னனான். கத்தமாட்டன் எண்டுதானே நேர்ந்தனான். போன் எடுக்கமாட்டன் எண்டில்லையே."