ஊர் சுற்றும் மாதா காசு

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வந்த கையோடு பெரியநாயகம் பெட்டியைத் திறந்தார். மாதா காசைக் காணோம்.

ஐயோ, மறுபடியுமா!

மாரண்டஹள்ளி தபாலாபீசில் கிளார்க் உத்தியோகம் பார்க்கிற மனுஷனுக்கு இருந்த ஒரே பைத்தியம் இந்தக் காசுகள்தான். ரோமாபுரியில் இருக்கும் ஒரு கிழ வாத்தியாருக்கு நம் ஊர்த் தபால்தலைகளை அனுப்புவார். பதிலுக்கு அந்தக் கிழவர், நானூறு வருஷத்துக்கு முந்தைய பாப்பரசர்கள் அடித்த செப்புச் சல்லிகளை அனுப்பிவைப்பார். தங்கமும் இல்லை, வெள்ளியும் இல்லை. அந்தக் காலத்து ஏழைபாழைகள் கையில் புழங்கித் தேய்ந்த, விரல் நகம் அளவுச் சில்லறை. ஒரு பக்கம் பாப்பரசரின் சின்னம். மறுபக்கம் சிலதில் மோட்சத்துச் சாவியோடு புனித இராயப்பர், சிலதில் வாளோடு புனித சின்னப்பர். ஒன்றே ஒன்றில் மட்டும் குழந்தையோடு மாதா.

அதுதான் போய்ப் போய் வருகிறது.

திருடன் எடுத்தால் திருப்பி வைப்பானா? இது போகும், நாலைந்து நாளில் தானே வந்து பஞ்சில் படுத்துக்கொள்ளும். ஒரு தடவை விளக்கெண்ணெய் வாடையோடு வந்தது. ஒரு தடவை மஞ்சள் அப்பிக்கொண்டு வந்தது. போன மாசம் யாரோ புளி போட்டுத் தேய்த்து, புதுச் செம்புக் குடம் மாதிரி பளபளவென்று வந்தது. நானூறு வருஷத்துக் களிம்பு, பழங்காசுக்கு மதிப்பே அதுதான், மொத்தமும் போச்சு. அன்று அவர் சோறே தின்னவில்லை. பேய் பிசாசு வேலையோ என்று பெட்டிமேல் தீர்த்தம்கூடத் தெளித்துப் பார்த்துவிட்டார்.

"ஏ இசபெல்லா, அந்தக் காசுக்குக் காலு கீலு மொளச்சிருக்கா?"

மனைவி அடுப்படியிலிருந்து வந்து நின்றாள். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் இரண்டு தடவை வயிற்றில் உண்டாகி, இரண்டும் தங்கவில்லை. அதிலிருந்தே அவளுக்குப் பேச்சு குறைந்துவிட்டது. பாவம் என்று அவரும் குரலைத் தணித்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வயக்காட்டு மாதம்மாள் மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"மாதா காசைக் குடு கண்ணு! மருமவளுக்கு வலி எடுத்துடுச்சி. பாலக்கோட்டு ஆஸ்பத்திரிக்குப் போற பஸ்ஸு சாயங்காலந்தான். போன மாசம் குள்ளம்மாளுக்கு அதைக் கையில வெச்சு மூடினதும்தான சுருக்கா பொறந்துச்சி!"

பெரியநாயகத்துக்கு முதலில் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அப்புறம் விளக்கெண்ணெய் புரிந்தது, மஞ்சள் புரிந்தது. தீட்டுப் போகத் தேய்த்த புளியும் புரிந்தது. அடிப்பாவி! பாப்பரசர் காசை ஊர்ப் பிரசவத்துக்கெல்லாம் இரவல் கொடுத்திருக்கிறாளே!

"அத இப்பக் குடுக்க முடியாதுக்கா," என்றாள் இசபெல்லா. "இராயப்பர் காசைக் கொண்டு போங்க. அவரு கையில சாவி இருக்கு, அவரே தொறந்து வுடுவாரு."

பெட்டியிலிருந்து எடுத்தும் கொடுத்துவிட்டாள். மாதம்மாள் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். தடுக்க வேண்டும் என்பதுகூட அவருக்குத் தோன்றவில்லை.

"அப்ப மாதா இப்ப யாரு வூட்டுல இருக்கு?"

"எங்கியும் போவலிங்க. நம்ம வூட்டுலதான்."

அவள் கை இடுப்புக்குப் போயிற்று. சேலை நுனியில் ஒரு சின்ன முடிச்சு போட்டு, அடிவயிற்றோடு செருகியிருந்தாள்.

பெரியநாயகம் முடிச்சைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். கையில் இருந்த பெட்டி மூடியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றார்.

"பொறந்ததும் நீயும் புளி போட்டே தேச்சிக்க," என்றார். "நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."