தட்டுச் சத்தம்

"கை கழுவிட்டு வாங்க" என்றாள்.

கழுவத்தான் போனான்.

அந்த வீட்டில் எல்லாமே காய்ந்திருந்தது. தரை, சுவர், கொடியில் கிடந்த அவன் உடுத்தும் சாரம், அவன் தலைமுடிகூட. மேலே விசிறி சுற்றியது. அடுப்படியிலிருந்து மரச்சீனிக் கிழங்கு வேகும் வாசனை வந்தது. கூடவே சாளை மீன் குழம்பு.

புறவாசல் தொட்டியில் நல்ல தண்ணீர் தளும்பி நின்றது.

கையை விரித்தால்தானே கழுவ முடியும்.

விரல்கள் விரியவில்லை. எதையோ பிடித்திருந்தன. குனிந்து பார்த்தான். மண்ணெண்ணெய் கேன்.

சாப்பிட உட்காரும்போது எவனாவது கேனைத் தூக்கிக்கொண்டு வருவானா?

அந்த ஒரு சந்தேகம்தான். வீடு போய்விட்டது.

மறுபடி கடல்.

உச்சி வெயில். வள்ளம் கவிழ்ந்தபோது கைக்கு அகப்பட்டது அந்தக் காலிக் கேன் ஒன்றுதான். பிடிக்குள் விரல்களை நுழைத்துக்கொண்டான். மடங்கிய விரல்கள் மடங்கினபடியே விறைத்துவிட்டன. இப்போது பிடித்திருப்பது அவனா, விறைப்பா என்று அவனுக்கே தெரியவில்லை. இடுப்புக்குக் கீழே கால் இருக்கிறதா என்பதும் தெரியவில்லை.

இமைகளில் உப்பு அப்பியிருந்தது. பிரித்தால் எரிந்தது. பிரித்துப் பார்த்தாலும் தண்ணீரைத் தவிர ஒன்றுமில்லை.

மூடிக்கொண்டான்.

காலை வரை பெனடிக்ட் இருந்தான். வள்ளத்தில் கூட வந்த ஒரே ஆள். ஒரு பலகையைக் கட்டிப்பிடித்துக் கிடந்தான். விடிந்ததும் அவன் முகம் தெளிந்தது. யாரோ கூப்பிட்டதற்குப் பதில் சொல்கிறவன் மாதிரி, "இன்னா வாறேன்" என்றான்.

இரண்டு கையையும் விட்டான்.

பலகை மட்டும் கொஞ்ச நேரம் பக்கத்திலேயே மிதந்தது.

இவனுக்கு அழுகை வரவில்லை. பெனடிக்டின் பிள்ளைகள் முகம் நினைவுக்கு வந்தது. வந்த வேகத்தில் போயிற்று. கல்நெஞ்சுக்காரன் என்று யாராவது திட்டினால்கூட நன்றாக இருக்கும் போலிருந்தது. திட்டத்தான் அங்கே ஆளில்லை.

திட்டுவதற்கென்றே வீட்டில் ஒருத்தி இருந்தாள். ஜெஸிந்தா.

காற்று வருமென்று ரேடியோவில் சொல்கிறார்கள், போக வேண்டாம் என்றாள். அவர்கள் பத்துத் தடவை சொன்னால் ஒரு தடவை வரும் என்றான் இவன். அவள் அடுப்படிக்குப் போனாள். தட்டைக் கொண்டுவந்து வைத்தாள்.

நங்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் கோபமெல்லாம் தட்டில்தான். சந்தோஷமாக இருந்தாலும் தட்டு அப்படித்தான் விழும். என்ன, சத்தம் கொஞ்சம் குறைந்திருக்கும். பக்கத்து வீட்டுக்காரி அதைக் கேட்டே இவர்கள் வீட்டு நிலவரத்தைச் சொல்லிவிடுவாள். அன்று விழுந்த வேகத்தில் குழம்பு தெறித்து அவன் சட்டையில் பட்டது. சாப்பாட்டைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டான். ரோஷம்.

அதுவும் சாளைக் குழம்புதான். நாக்கு இப்போது அதைத் தேடியது. நாக்கு அசையவில்லை.

"கை கழுவிட்டு வாங்க."

மறுபடி வீடு.

காய்ந்த தரை. விசிறி. தொட்டியில் நல்ல தண்ணீர். குனிந்து பார்த்தான். இந்தத் தடவை கேன் இல்லை. கை காலியாகத்தான் தெரிந்தது.

வீடு தன் தப்பைத் திருத்திக்கொண்டுவிட்டது.

ஜெஸிந்தா சிரித்துக்கொண்டே தட்டை எடுத்து வந்தாள். குனிந்து, தூங்குகிற பிள்ளையைப் படுக்கவைப்பது மாதிரி வைத்தாள்.

சத்தமே இல்லை.

அவன் தொட்டியடியில் அப்படியே நின்றுவிட்டான்.

இவள் அவளில்லை.

நல்லவள்தான். ஒரு குறையும் சொல்ல முடியாது. இருந்துவிடலாம். அங்கே அவளிடம் போய்ச் சேர வேண்டுமென்றால் முதலில் வெயில், தாகம், காலுக்கடியில் கிடக்கும் ஆழம், எல்லாவற்றையும் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். சேர்ந்தாலும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் நிற்பாள். பெனடிக்டும் காலையில் இப்படி ஒரு வாசலில்தான் நின்றிருப்பான். அவன் வீட்டில் தட்டு எப்படி விழும் என்று இவன் ஒருநாளும் கேட்டதில்லை.

ஆனாலும் திட்டு வாங்காமல் சாப்பிட்டு இவனுக்குப் பழக்கமில்லை.

"தட்ட நங்குன்னு வை. அப்பக் கழுவுதேன்" என்றான்.

அவள் புரியாமல் பார்த்தாள். தட்டை எடுத்தாள். மறுபடியும் மெதுவாக வைத்தாள்.

அவன் கழுவவில்லை.

வெயில் பாதி திரும்பி வந்தது. வீடு முழுதாகப் போகவும் இல்லை. காய்ந்த தரை லேசாக ஆடியது. குழம்பு வாசனையில் உப்பு கூடிக்கொண்டே போனது.

அப்போது கேட்டது.

நங்.

வெகு பக்கத்தில்.

விசைப்படகின் இரும்பில் நங்கூரம் இடித்தால் அப்படித்தான் கேட்கும். ஜெஸிந்தா கோபத்தில் தட்டு வைத்தாலும் அப்படித்தான் கேட்கும்.

கேனை மறைக்கத் தெரிந்த வீட்டுக்கு ஒரு சத்தம் பெரிய காரியமா?

கழுவுகிறேன் என்று வேறு சொல்லிவிட்டான்.

கண்ணைத் திறந்தால் எது என்று தெரிந்துவிடும். கையைத் திறந்தால் உட்கார்ந்து சாப்பிடலாம்.

இரண்டுமே ஒட்டிப்போயிருந்தன. இரண்டையும் திறக்கிற பலம் அவனிடம் இல்லை. ஒன்றுக்கு இருந்தது.

திறந்தான்.