பட்டன் போன்

தம்பியின் கையில் பட்டன் போனைப் பார்த்ததும் அக்காவுக்கு வயிறு எரிந்தது.

முப்பத்தெட்டு வயது ஆண்பிள்ளை. மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் பிரிவுக்கே அவன்தான் தலைவன். கீழே நான்கு பேர். அவன் கையில், எண்கள் தேய்ந்துபோன ஒரு டப்பா. அவனுடைய நல்ல போன் மனைவியின் அலமாரியில், பூட்டுக்குள்.

அம்மா சொன்னது பொய்யில்லை. மருமகளுக்கு அம்மா வைத்திருக்கும் பெயரே ‘வார்டன்’. நாலு நாள் தங்கி, என் பிள்ளை என்ன பாடு படுகிறான் என்று கண்ணால் பார்த்துவிட்டு வா என்றுதான் மகளை அனுப்பியிருந்தாள்.

பார்த்தாள். கம்ப்யூட்டர் கூடத்தின் நடுவில் இருந்தது, போகிறவர் வருகிறவர் எல்லோருக்கும் திரை தெரிகிற மாதிரி. கடையை விட்டுக் கிளம்பும்போது தம்பி மனைவிக்கு ஒரு அழைப்பு, பஸ் ஏறியதும் இன்னொன்று. வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்கு அவளே அவனை ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்து எங்கோ கொண்டுபோனாள். திரும்பி வர எட்டு மணி. எங்கே என்று கேட்டால், “ஒரு வேலை அண்ணி” என்பதோடு சரி.

அக்கா ஒரு பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியை. பிள்ளைகளிடமிருந்து பறித்த போன்கள் அவள் மேசை இழுப்பறையில் எப்போதும் அரை டஜன் கிடக்கும். ஆனால், அவை பிள்ளைகளின் போன்கள்.

அன்று இரவுச் சாப்பாடு முடிந்து, துணி மடித்துக்கொண்டிருந்த தம்பி மனைவியிடம் கேட்டேவிட்டாள். “அவன் உனக்குப் புருஷனா, ஆயுள் கைதியா?”

மடித்துக்கொண்டிருந்த கை நிற்கவில்லை. “அவரையே கேளுங்க அண்ணி.”

“எங்க கேக்கறது? அவன் வாயையும் சேர்த்துத்தான் பூட்டி வெச்சிருக்கியே.”

தம்பி மனைவி அடுத்த துணியை எடுத்து உதறினாள். திமிர் என்று நினைத்துக்கொண்டாள் அக்கா.

மறுநாள் காலையில் முதல் வேலையாகக் கடைக்குப் போய்ப் புது போன் ஒன்று வாங்கினாள். தம்பி கிளம்பும் நேரத்தில், பெட்டியோடு அதை அவன் சாப்பாட்டுப் பைக்குள் திணித்து, வார்டனுக்குத் தெரிய வேண்டாம் என்று காதோடு சொன்னாள். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். முதுகில் தட்டி அனுப்பிவைத்தாள்.

மதியம் இரண்டு மணிக்கே தம்பி வீட்டுக்கு வந்து நின்றான். முகம் வெளிறியிருந்தது. பெட்டியை எடுத்து அக்காவின் முன்னால் வைத்தான்.

“பெட்டியோட சீலைப் பிரிக்கலக்கா. மூணு தடவை கடை டாய்லெட் வரைக்கும் எடுத்துட்டுப் போனேன். பிரிக்கல.”

அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை.

“அவ என் போனைப் பிடுங்கல. நானாத்தான் கொடுத்தேன். யாராவது நம்பிக்கையான ஆள்கிட்ட கொடுத்து வைக்கச் சொன்னது டாக்டர்.”

தரையைப் பார்த்தபடியே மற்றதையும் சொன்னான். ஏழு வருஷமாக இருக்கிறதாம். முதலில் போனில் ஆபாசப் படங்கள். பிறகு முகம் தெரியாத பெண்களோடு பேச்சு. பிறகு அது பேச்சோடு நிற்கவில்லை. ஒவ்வொரு தடவையும் இதுதான் கடைசி என்று சத்தியம் செய்வான். சத்தியம் ஒரு வாரம்கூடத் தாங்காது. வேலை நேரத்தில் மாட்டி, வேலையே போகப் பார்த்தது. அப்போதுதான் மனைவிக்குத் தெரிந்தது.

“பெட்டி கட்டினா. கட்டட்டும்னுதான் நானும் உக்காந்திருந்தேன். பாதியில நிறுத்திட்டு, அவ வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியில விசாரிச்சு ஒரு நம்பர் வாங்கிட்டு வந்தா. வியாழக்கிழமை கவுன்சிலிங். என்னை மாதிரி இன்னும் எட்டு பேர் வர்றாங்க. உள்ள நாங்க பேசி முடிக்கிற வரைக்கும் அவ வாசல்ல ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில உக்காந்திருப்பா. அந்தப் பக்கமே போகாம இன்னிக்கோட நூத்திப் பன்னெண்டு நாள் ஆச்சுக்கா.”

அக்கா அந்தப் பெட்டியைப் பார்த்தாள். காலையில் தன் கையால் திணித்தது. கண்ணில் நீர் முட்டியது.

“உனக்கு என்னன்னு நீயே அம்மாகிட்ட சொல்லியிருக்கலாமேடா. அவளை இத்தனை பேச்சு பேசுறாங்களே.”

“நாக்கு வரலக்கா. அவகிட்ட கேட்டா, ‘என்னைத்தானே சொல்றாங்க, சொல்லட்டும், உங்களுக்குச் சரியானாப் போதும்’கிறா. எனக்குத்தான் பொறுக்கல. நீ சொல்லு. என் வியாதியைச் சொல்ல வேணாம். அவ மேல தப்பில்லன்னு மட்டும் சொல்லு. போதும்.”

அவன் தலையைத் தடவிக்கொடுத்தாள். “சொல்றேன்டா. இது கூடச் சொல்ல மாட்டேனா?”

மாலையில் தம்பி மனைவி வந்தாள். ஊசியும் ரத்தமுமாய் எட்டு மணி நேரம் நின்று வந்த கால்கள். கைப்பையை மாட்டிவிட்டு, அக்காவுக்கு முதலில் டீ கொண்டுவந்து வைத்தாள். மேசைமேல் இருந்த புது போன் பெட்டியைப் பார்த்தாள். பிறகு கணவனைப் பார்த்தாள். பிரிக்கவில்லை என்று அவன் தலையாட்டியதும் பாத்திரம் கழுவப் போனாள்.

அக்காவின் போன் அடித்தது. அம்மா.

“என்னடி, பார்த்தியா?”

“பார்த்தேம்மா.”

சமையலறையில் குழாய்ச் சத்தம் நின்றது. எதிரே தம்பி, அக்காவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் மேல் தப்பில்லை என்றால், அப்புறம் யார் மேல் என்று அம்மா கேட்பாள். அம்மாவுக்குத் தெரிந்தால் சித்தப்பா வீட்டுக்குத் தெரியும். அடுத்த மாதம் தன் மகளைப் பெண் பார்க்க வருகிறவர்களுக்கும் தெரியும்.

அக்கா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“நம்ம பிள்ளை தங்கம்தாம்மா. எல்லாம் அந்த வார்டனாலதான்.”