காணாமல் போன ஒன்பது சதவீதம்

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. பத்தாவதோடு படிப்பை விட்டவள் நான். அமெரிக்காவின் டுலூத் நகரில் ஒரு கல்லூரியில் துப்புரவு வேலை. என் மகள் கிர்ஸ்டின் அங்கேயே உதவித்தொகையில் படிக்கிறாள்.

அன்று காலை அவள் வகுப்பின் பின்வாசலில், பூட்ஸோடு வந்த பனித்தண்ணீரை மாப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

இயற்பியல் ஆசிரியர் டாக்டர் நீமி லேப் நோட்டுகளை மேசைமேல் பொத்தென்று போட்டார்.

"வெந்நீரையும் பச்சைத் தண்ணியையும் தெர்மோகோல் கப்புல ஊத்தி, மூடி, அளக்கச் சொன்னேன். இருபத்திமூணு பேருக்கும் வெந்நீர் விட்ட சூடு அப்படியே பச்சைத் தண்ணிக்குப் போயிருக்கு. நஷ்டம் ஜீரோ!"

"நல்ல கப்பு டாக்டர்!" என்றான் ட்ராவிஸ் என்ற மாணவன்.

"அப்ப அதுலயே வீடு கட்டிக்கோ. ஜனவரிக்கு ஹீட்டர் வேணாம்."

வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

"எதோடயும் ஒட்டாம தனியா நிக்கிற அமைப்பு புத்தகத்துலதான் இருக்கு. நிஜத்துல சூடு கசியும், பரவும், தானா திரும்பி வராது. அப்படிப் பரவப் பரவத்தான் என்ட்ரோபி, அதாவது சிதறலோட அளவு, கூடுது. நீங்க யாரும் அளக்கல. வரவேண்டிய விடையை எழுதி வச்சிருக்கீங்க."

ஒரு நோட்டை வெளிச்சத்தில் பிடித்தார்.

"இதுல மட்டும் ஒன்பது சதவீதம் சூட்டைக் காணோம்னு எழுதியிருந்திருக்கு. வகுப்புலயே ஒரே உண்மையான அளவு. அதுமேல வெள்ளை மை பூசி ஜீரோ போட்டிருக்கு! கிர்ஸ்டின், எழுந்திரு."

எழுந்தாள்.

லேப் நோட்டில் தப்பு வந்தால் ஒரு கோடு போட்டு அடிக்கலாம். மறைக்கக் கூடாது. மறைத்தால் பாடத்தில் தோல்வி. தோற்றால் அவள் உதவித்தொகை போய்விடும்.

"மை பூசினது நீயா?"

கிர்ஸ்டின் நோட்டைப் பார்த்தாள். திரும்பி என்னை ஒரு தடவை பார்த்தாள்.

"ஆமா டாக்டர். நான்தான்."

"மாட்டிக்கிச்சு பாரு, ஏமாத்துக்காரி," என்று முன்வரிசையில் ஒருத்தி முணுமுணுத்தாள். அவள் நோட்டிலும் ஜீரோதான்.

என் மகளை நினைத்து அவ்வளவு பெருமை எனக்கு வந்ததே இல்லை. மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு முன்னே போனேன்.

"அவ பொய் சொல்றா டாக்டர். நேத்து சாயங்காலம் குப்பை எடுக்க வந்தேன். நோட்டெல்லாம் மேசையில இருந்துச்சு. எல்லாருக்கும் ஜீரோ, என் பொண்ணுக்கு மட்டும் ஒன்பது. தப்பா போட்டுட்டாளேன்னு பயந்து நான்தான் மாத்தினேன்."

"அம்மா, சும்மா இரேன்! உன் வேலை போயிடும்!"

"போனா போகுது. நீ ஒழுங்கா அளந்ததை நான் அழிச்சுட்டேனே!"



டாக்டர் நீமி நகத்தால் வெள்ளை மையைச் சுரண்டினார்.

"ஒன்பது. முழு மதிப்பெண். கிர்ஸ்டின், உட்காரு. மத்த இருபத்திரண்டு பேரும் திங்கட்கிழமை மறுபடி அளக்கறீங்க." பிறகு என் பக்கம் திரும்பினார். "லொரேன், உங்க பயத்தை என்ன செய்யறது?"



மதியமே சூப்பர்வைசரிடம் நடந்ததைச் சொல்லி, லேப் சாவியைத் திருப்பிக் கொடுத்து, உடற்பயிற்சிக் கூடத்துக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டேன். அங்கே யாரும் எதையும் எழுதி வைப்பதில்லை; என் பயத்துக்குத் திருத்த ஒன்றும் கிடைக்காது.