ஏழாவது குமிழ்

தொண்ணூற்று மூன்றில், நாகலாபுரத்திலேயே, இல்லை, ஆசியாவிலேயே பெரிய சவுண்ட் மிக்ஸரை நானும் கூட்டாளி கோதண்டனும் சொந்தமாகச் செய்தோம். பழைய ரேடியோக்களைப் பிரித்து, ஒவ்வொரு பாகமாக நான் பற்றவைத்த புகையிலேயே என் மீசை வெளுத்துவிட்டது. ஆறு மைக்குக்கும் சத்தம் கூட்டிக் குறைக்க ஆறு குமிழ். நல்ல காரியத்துக்கு இரட்டைப்படை ஆகாது என்று ஏழாவதாக ஒன்றையும் பொருத்தினோம். அதன் பின்னால் ஒரு ஒயர்கூடக் கிடையாது.

கோயில் திருவிழாவில் மிக்ஸருக்கு அரங்கேற்றம். அன்று காலை, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கோதண்டன் துபாய் வேலைக்குப் பறந்துவிட்டான்.

மாலையில் தனியாகவே உட்கார்ந்தேன். கூட்டத்துக்குப் பந்தா காட்ட ஏழாவது குமிழையும் திருகினேன். மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில், துபாயில் யாரிடமோ பேசும் கோதண்டன் குரல் கணீரென்று வந்தது.

“மிக்ஸரா? நானே ஒண்டியா செஞ்சேன் சார். கூட ஒருத்தன் இருந்தான், டீ வாங்கினு வருவான்.”

எட்டு ஊருக்குக் கேட்டது. முன்வரிசையிலிருந்து என் மனைவி யமுனா எழுந்தாள்.

“இன்னாய்யா, டீ வாங்கத்தான் தெனம் அங்க போய்க்கினு இருந்தியா?”

சிரிப்பில் பந்தலே சாய்ந்தது. குமிழைச் சட்டென்று குறைத்தேன்.

“டேய், கம்மி பண்ணாத,” என்றான் கோதண்டன். “இன்னும் சொல்லி முடிக்கல.”