பாட்டு முந்திக்கொண்டது

அரசாங்கத்து ஆள் எழுந்து எங்கள் மாவோரி மொழியில் பேச ஆரம்பித்தார். கையில் துண்டுச்சீட்டுகூட இல்லை.

முதலில் பேச வேண்டியவன் நான். என் கால் எழவில்லை. பொறுத்துப் பார்த்துவிட்டு அவர் எழுந்துவிட்டார்.

ஆலிஸ்டர் என்று பெயர். வெள்ளைக்காரர், வெயிலில் காது சிவந்திருந்தது. எங்கள் குன்றைப் பேர் சொல்லி வணங்கினார். எங்கள் முன்னோரை ஒருவர் விடாமல் அழைத்தார். ஆற்றின் பெயர் வந்தபோது நிறுத்தி, இருமுறை தொண்டையைச் செருமிக்கொண்டார்.

அந்தச் செருமல் எனக்குப் பழகியதாக இருந்தது. ஏன் என்று அப்போது பிடிபடவில்லை.

அந்தக் குன்றை வெட்டித்தான் நெடுஞ்சாலை போடப் போகிறார்களாம். எங்களில் செத்தவர்கள் எல்லாரும் அங்கேதான் இருக்கிறார்கள். போன குளிர்காலத்தில் அப்பாவையும் அங்கேதான் புதைத்தோம். மாட்டோம் என்று சொல்லிவிட ஊரே கூடி முடிவு செய்திருந்தது.

ஆனால் அதை ஊர் கூடும் இந்த முற்றத்தில், எங்கள் மொழியில்தான் சொல்ல வேண்டும். எங்கள் வழக்கப்படி மூக்கோடு மூக்கு வைத்து வணங்கி, சாப்பிடவும் உட்கார்ந்துவிட்டால் வந்தவன் வீட்டு மனிதன். அதற்கப்புறம் வழக்குப் பேச்சு கிடையாது.

முற்றத்தில் பேசத் தெரிந்த கடைசி ஆள் அப்பா. அவர் மகன் என்பதைத் தவிர எனக்கு ஒரு தகுதியும் இல்லை.

"எருவெட்டி, எந்திரிடா! உங்கப்பன் உக்காந்த பெஞ்சைச் சும்மா தேய்க்கவா வந்தே?" பின்னாலிருந்து மெரியானா அத்தை என் பேரைச் சொல்லிக் குத்தினாள்.

எழுந்தேன். வந்தவர்களை வரவேற்க வேண்டும், இறந்தவர்களை வணங்க வேண்டும், பிறகுதான் காரியம். காரியத்துக்கான நாலு வரியை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்.

"வாங்க, வாங்க, வாங்க" என்றேன். அது நன்றாகவே வந்தது.

இறந்தவர்களிடம் வந்ததும் அப்பாவின் பெயரைச் சொன்னேன். அவ்வளவுதான். நாலு வரியும் போன இடம் தெரியவில்லை. திறந்த வாய் திறந்தபடி நின்றேன். எதிரே அரசாங்கத்து ஆட்கள் மரியாதையாகக் காத்திருந்தார்கள். சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அத்தைக்குப் பொறுக்கவில்லை. என் மானத்தைக் காப்பாற்ற எழுந்து பாட்டை எடுத்தாள். மற்றப் பெண்களும் எழுந்து சேர்ந்துகொண்டார்கள்.

பாட்டு வந்தால் பேச்சு முடிந்தது. அதுவும் எங்கள் வழக்கம்தான்.

இரண்டாவது அடியில்தான் அத்தைக்கு உறைத்தது. எடுத்த பாட்டைப் பாதியில் விடக்கூடாது. அழுதுகொண்டே பாடி முடித்தாள்.

வரவேற்பை மட்டும்தான் சொல்லியிருந்தோம்.

வரிசையில் நின்றோம். ஆலிஸ்டர் என் மூக்கோடு மூக்கு வைத்தார். அவர் கண் கலங்கியிருந்தது. பிறகு ஆங்கிலத்தில் சொன்னார்:

"எல்லாம் உங்கப்பாகிட்ட கத்துக்கிட்டதுதான். எங்க டிபார்ட்மென்ட்தான் அவர்கிட்ட அனுப்பிச்சுது. தங்கமான மனுஷன். வீட்டுல மட்டும் இந்த பாஷையைப் பேசவே மாட்டாராமே, ஏன்?"

அந்தச் செருமல் யாருடையது என்று அப்போதுதான் புரிந்தது.

ஏன் என்பதும் எனக்குத் தெரியும். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் தாய்மொழியில் தண்ணீர் கேட்டதற்கு வாங்கிய பிரம்படி, சாகிறவரை அவர் உள்ளங்கையில் இருந்தது. என் பிள்ளை கையில் இது விழக்கூடாது என்பார்.

அது அரசாங்கப் பள்ளிக்கூடம்.

சாப்பாட்டு மணி அடித்தது. விருந்தாளியை முன்னால் போகவிட்டு, பின்னால் நடந்தேன்.